காந்தக்காரன் படத்துக்கு நான் சொன்ன முன்கதை

செத்தவர் ரொட்டி தின்றார்

தியேட்டர் கதவில் நின்று டிக்கெட் கிழிப்பவனுக்குச் சட்டையில் காலர் இருப்பதே அடுத்தவர் பிடிப்பதற்குத்தான். அன்றைக்கு என் காலரைப் பிடித்திருந்தவர் சின்னமனூர் வாழைத்தார் ஏஜெண்ட். இடைவேளை விட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கையில் என் காலர், இன்னொரு கையில் முட்டை போண்டா. இரண்டையுமே அவர் விடுவதாக இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் தியேட்டர் உத்தமபாளையத்தில் இருக்கிறது. மதியக் காட்சி இரண்டரைக்கு. சின்னமனூர் பஸ்ஸும் தேவாரம் பஸ்ஸும் வந்து நிற்கவே மூன்று மணி ஆகிவிடும். அதனால் பாதிக் கூட்டம் எப்போதும் படத்தின் முன்பக்கத்தைப் பார்த்ததே கிடையாது. உள்ளே போகும்முன் ஒவ்வொருவரும் என் முன்னால் நின்று, "இதுவரைக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். டிக்கெட் கிழிப்பது ஒரு நொடி வேலை. கதை சொல்வதுதான் உண்மையான வேலை. அப்போது ஓடியது ஒரு வெளிநாட்டு டப்பிங் படம். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. இரும்பைத் தூரத்தில் இருந்தே இழுக்கிற ஹீரோ என்பதால் எங்கள் ஊரில் அது காந்தக்காரன் படம். அவன் எப்படிக் காந்தக்காரன் ஆனான் என்பதை மறுபடி ஆரம்பத்தில் இருந்து சொல்கிற படம். இதே ஹீரோவின் பழைய படத்தை நான் செல்போனில் பார்த்திருந்தேன். அதில் இரும்பாலை வெடித்து அப்பா சாவார், மகனுக்குக் காந்தம் வரும். ஒரே ஆள், ஒரே ஆரம்பம், வேறு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்து, "அப்பா செத்துட்டாருண்ணே, இவனுக்குக் காந்தம் வந்துருச்சு, உள்ள போங்க" என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுப் படத்தில் அப்பாவைச் சாகடிக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் படம் பார்க்கவே இல்லையே.

ஏஜெண்ட் என்னை முழுசாக நம்பிவிட்டார். ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மச்சினன். திரையில் அப்பா வந்தபோதெல்லாம், "அது ஆவி, மகன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும்" என்று இரண்டு பக்கமும் விளக்கம் சொல்லியிருக்கிறார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஆவி ஓட்டலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு, சர்வரிடம் தண்ணீரும் கேட்டிருக்கிறது. மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தானாம். மனிதருக்கு அதுதான் தாங்கவில்லை. என்னை உலுக்கிக்கொண்டே கேட்டார்:

"ஏலே, நீ சாகடிச்ச ஆளுக்காக என் பொண்டாட்டி ரெண்டு தடவ கண்ணத் தொடைச்சிருக்காடா!"

மேலே ஒரு ஏசி ரூம்

அவர் நேராக மேனேஜரிடம் போனார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். புரொஜக்டர் ஓட்டுகிற செல்லையா அண்ணன் மாதக் கடைசியில் திருப்பூரில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார், அந்த இடத்துக்கு என்னைப் பழக்கலாம் என்று நினைத்திருப்பதாகச் சொன்னார். மாடியில் மெஷின் ரூம். மெஷினுக்காக ஏசி போட்டிருப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது இலவசம். கதவும் பூட்டியே இருக்கும். கதவில் நின்று பிழைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பதைவிடப் பெரிய பதவி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. காந்தக்காரன் படத்தைத் தியேட்டரில் இருந்து தூக்கும்வரை என்மேல் இன்னொரு புகார் வரக்கூடாது.

முதல் வேலையாகப் படத்தின் முதல் அரைமணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பிறகு மீதிப் படத்தையும் எட்டி எட்டிப் பார்த்ததில், மொத்தத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான். அதில் ஹீரோ ஒன்றுமே செய்யமாட்டான். அப்பாவின் பழைய இரும்புக் கடையில் ஆணி பொறுக்குவான், பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போவான், எல்லாரிடமும் திட்டு வாங்குவான். சண்டையே கிடையாது. வெளியே வந்து செல்லையா அண்ணனிடம் மேல் ரூம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"ஒரே ஒரு சொகம் உண்டு தம்பி. அங்கன யாரும் உங்கிட்ட எதுவும் கேக்க மாட்டாக."

நாற்பது பேருக்கு ஒரே கதை

பஸ் கண்டக்டர்களே, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர்களே, கல்யாண வீட்டில் பந்திக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களே, நீங்கள் எல்லோரும் நம்ம ஆட்கள். ஒரே பதிலை நாற்பது பேருக்குத் தனித்தனியாகச் சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் நான் மூன்று நிமிஷக் கதை சொன்னேன். இரண்டாம் நாள் அது ஒரு நிமிஷம் ஆனது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் பக்கம் இருந்து ஒரு கூட்டம், அதே நேரம் தேவாரம் பஸ், இரண்டும் சேர்ந்து வந்தபோது நான் படிக்கட்டில் ஏறி நின்றுவிட்டேன். "எல்லாரும் கேளுங்க! இரும்புக் கடைக்காரர் மகன். மக்குப் பய. கடையில ஒரு கல்லைத் தொட்டான், காந்தம் வந்துருச்சு. அப்பா உசுரோட இருக்காரு. மறுபடி சொல்றேன், உசுரோட இருக்காரு. உள்ள போங்க!"

கம்பம் மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிற இரண்டு பேர் மட்டும் நகரவில்லை. "மோனே, கடைசியில அவன் ஜெயிக்கிறானா?" என்று கேட்டார் ஒருவர். ஜெயிப்பான் என்றேன். "நெசமா?" நெசம். "அடி வாங்குவானா?" வாங்குவான், ஆனால் ஜெயிப்பான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார்:

"அப்ப சரி. ஜீப்புல வந்தது முதுகு வலிக்குது, சீட்டு சாயுமா?"

வேறு படம்

முன்பக்கத்தைப் பார்க்கிற பாக்கியம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான். அவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. ஒரு மதியம் படம் ஆரம்பித்து இருபது நிமிஷத்தில் ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி தனியாக வெளியே வந்தாள். கழுத்தில் துண்டை முடிச்சுப் போட்டு முதுகுப் பக்கம் தொங்கவிட்டிருந்தாள், காந்தக்காரன் மாதிரி. பாத்ரூம் அந்தப் பக்கம் பாப்பா என்றேன். பாத்ரூம் இல்லையாம். புகார் சொல்ல வந்திருக்கிறாளாம். மேனேஜர் ரூம் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன். குனிந்து, என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டேன். போஸ்டரைக் காட்டினாள், பிறகு கதவைக் காட்டினாள்:

"அண்ணே, உள்ள வேற படம் ஓடுது. எவனோ ஸ்கூலுக்குப் போயிட்டு இருக்கான்."

வாத்தியாரின் சந்தேகம்

பத்தாவதில் எனக்குக் கணக்கு எடுத்த சார் குடும்பத்தோடு வந்தார். டிக்கெட்டை நீட்டும்போதுதான் என்னைப் பார்த்தார். நான் பதினொன்றாவதைப் பாதியில் விட்டவன். எங்கள் தெருவில் இதற்கு ஏற்கெனவே மூன்று கதைகள் ஓடுகின்றன. அம்மா சொந்தக்காரர்களிடம், பயலுக்குப் போர்டு சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார். மாமா, சேர்க்கை சரியில்லை என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, காதல் விவகாரம் என்று முடிவே கட்டிவிட்டார். அந்தப் பொண்ணு யார் என்று தெரிந்தால் நானும் போய்ப் பார்ப்பேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, சேர்ந்து சுற்ற ஆளும் இல்லை. காலையில் எழுந்து அங்கே போய் உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதையே சாரிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அடிச்சாகளா? இல்ல சார். பீஸ் கட்ட முடியலையா? கட்டினோம் சார். வீட்டுல எதுவும் பிரச்சினையா? வீட்ல டிவி மட்டுந்தான் சார் ரிப்பேர். பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருந்தது. "அப்பா, படம் போட்டுட்டாக" என்று அவர் மகன் சட்டையைப் பிடித்து இழுத்தான். சார் உள்ளே போகிறவர் திரும்பி நின்று சொன்னார்:

"ஒண்ணுமே நடக்காம எவனாச்சும் இப்பிடி ஆவானாடா? இன்டர்வெல்ல வர்றேன், நல்லா யோசிச்சு வை."

கடைசி ஞாயிறு

படத்துக்குக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதுவரை என்மேல் வேறு புகார் கிடையாது. அந்த ஒரு நாள் தாண்டிவிட்டால் மெஷின் ரூம் எனக்கு. இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. கரண்ட் வந்தபோது மணி மூன்றே கால். சீக்கிரம் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக வெயிலில் நின்றார்கள். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். முழுப் படமும் போட்டால் சாயந்திரக் காட்சி தள்ளிப் போகும், அந்தக் கூட்டம் கேட்டை உடைக்கும் என்றார். அதனால் முதல் அரைமணி நேரத்தைத் தாண்டி, காந்தக்காரன் உடுப்பு மாட்டுகிற இடத்தில் இருந்து போடச் சொல்லி மேலே போன் பண்ணிவிட்டார். "பஸ்ஸுக்காரங்க எப்பவும் அதப் பாத்ததே இல்லையேப்பா. யாராச்சும் கேட்டா, மொதல்லருந்துதான்னு சொல்லிரு. நாளைக்கு நீ மேல." சொல்லிவிட்டுத் தோளில் வேறு தட்டினார்.

வரிசையில் முதல் ஆள் தேவாரத்துப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற ஒரு அக்கா. கூட ஒன்பது வயசு மகன். ஏற்கெனவே இரண்டு தடவை வந்தவர்கள், இரண்டு தடவையும் பஸ் லேட். "இன்னைக்கு மத்தியான வேலைய விட்டுப்புட்டு முந்துன பஸ்ஸுக்கே வந்துட்டோம்" என்றார் அக்கா. "அவன் எப்பிடி அப்பிடி ஆனான்னு கண்ணால பாக்கணும்னு இவன் ஒரே பிடிவாதம். மொதல்லருந்துதானே தம்பி?"

வாய் திறந்தேன். அந்தப் பயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லக்கா. முன்னாடி அரைமணி நேரத்த விட்டுட்டுப் போடச் சொல்லிட்டாக" என்றேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். மூன்று வாரம் கூவிப் பழகிய தொண்டை, கேட் வரைக்கும் கேட்டது. உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "எங்களுக்குச் சண்ட போதும், போடச் சொல்லு!" என்று ஒரு பாதி. "முழு டிக்கெட்டுக்கு முக்காப் படமா?" என்று இன்னொரு பாதி. அந்த அக்கா மட்டும் கத்தவில்லை. கதவுக்கு நேராகப் படியில் உட்கார்ந்து, பையனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "மொதல்லருந்து போடட்டும், எந்திரிக்கிறேன்." அவரைத் தாண்டிப் போக இடமில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள், சண்டை போதும் என்று கத்திய ஆள் உட்பட. அவருக்குக் கால் வலியாம்.

மேனேஜர் முழுப் படத்தையும் போட்டார். சாயந்திரக் கூட்டம் வெளியே காத்திருந்து என்னை வாயாரத் திட்டியது. படம் விட்டதும் பையனைப் பிடித்து, ஆரம்பம் எப்படிடா என்று கேட்டேன். "எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான்ணே, அவன மாதிரியே இருக்கான்" என்றான். முகம் முழுக்கச் சிரிப்பு. மேனேஜர் முகத்தில் அது இல்லை. அவருடைய மச்சான் மகன் ஒருவன் போடியில் சும்மா இருக்கிறானாம், திங்கட்கிழமை மெஷின் ரூமுக்கு வருகிறானாம். அதை ரொம்ப மரியாதையாகச் சொல்லி முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்:

"பத்து நிமிசம் கதை சொல்ற வாய்க்கு ஒத்த வார்த்தை வரலையேப்பா!"

கதவில் நிற்கிற வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்: "மொதல்லருந்துதான்" என்று ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னார்கள், சொல்லியிருந்தால் இந்நேரம் ஏசியில் உட்கார்ந்திருப்பேன், சொல்லவில்லை.