மஃரிபுக்கு நிற்கும் படம்

ரவூப் அண்ணனைப் போலப் படம் பார்த்து அழுகிற ஆண்பிள்ளையை நான் எங்கள் சுவா சூ காங் வட்டாரத்தில் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. சோகப் படம் என்றாலாவது போகட்டும் என்று விடலாம். கார்ட்டூனில் ஒரு கரடிக்குட்டி தொலைந்துபோய்த் திரும்பி வந்துவிட்டதாம், அதற்கு இவர் கைக்குட்டையை எடுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும். "அண்ணே, அது வெறும் படம்லா" என்றால், "தெரியும் தங்கம், நீ சும்மா இரு" என்று மூக்கைச் சிந்துவார்.

நான் அவருக்கு ஒரு மாடி மேலே குடியிருக்கிறவள். பகல் முழுக்க ஒரு பல் கிளினிக்கில், அலறுகிற பிள்ளைகளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பது என் பிழைப்பு. அதனால் எனக்குப் பொறுமை கம்மி, வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

அண்ணன் இந்த ஊரிலேயே பிறந்தவர். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டியே வயதாகிவிட்டது. கடையை விட்டு ஓய்வு பெற்ற முதல் மாதம் மனுஷன் படுத்திய பாடு இருக்கிறதே, சொல்லி மாளாது. வீட்டிலிருந்த டப்பாக்களையெல்லாம் உயரவாரியாக அடுக்கி வைத்தார். அவர் மனைவி ஆமினா பீவிக்கு மிளகாய்த்தூள் எது, மல்லித்தூள் எது என்று தெரியாமல் போய், அன்றைய மீன் ஆணம், நம் குழம்புதான், வாயில் வைக்கும்படி இல்லை. "இவுகள எங்கேயாவது கூட்டிட்டுப் போடா வாப்பா" என்று அவர் மகன் ரமீஸுக்குப் போன் போட்டு அழுதார். ரமீஸ் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு புரொஜக்டர் வாங்கிக் கொடுத்தான்.

அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர் குழுவுக்கு ஓர் அறை உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் குடும்பப் படம் போடலாம் என்று குழு சம்மதித்தது. படத்துக்கான அனுமதியையும் குழுவே முறையாக வாங்கிக் கொடுத்தது. அந்த ஒரு மாலைக்காக அண்ணன் மாதம் முழுக்க உயிர் வாழ்ந்தார் என்றால் மிகையில்லை. படத்தைத் தேர்ந்தெடுப்பதும், வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்து அழுவதும், லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "சனிக்கிழமை மறந்துடாதீங்க" என்பதும்தான் அவருக்கு வேலை.

படம் ஆறு மணிக்குத் தொடங்கும். மணி ஏழைத் தாண்டியதும் மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்கு நேரமாகிவிடும். அண்ணன் தொழுகையை விடமாட்டார், படத்தை வேறு யார் கையிலும் கொடுக்கவும் மாட்டார். அதனால் அப்படியே நிறுத்திவிட்டு மாடிக்குப் போவார். இடைவேளை பார்த்தெல்லாம் நிறுத்துவது கிடையாது. கதாநாயகன் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தாலும் சரி, மாமியார் வாயைத் திறந்தபடி இருந்தாலும் சரி, நேரம் வந்தால் படம் நிற்கும். அவர் தொழுதுவிட்டு இறங்கி வரும்வரை அந்த ஒரே காட்சி திரையில் உறைந்து நிற்கும். அதற்குள் ஆமினா அக்காவும் தொழுகையை முடித்துச் சுடச்சுட சமோசாவோடு வந்துவிடுவார். பிள்ளைகளை மேய்ப்பது என் பொறுப்பு.

பிள்ளைகளுக்கு வேறு என்ன வேலை? சமோசாவைக் கடித்துக்கொண்டு அந்த உறைந்த காட்சியையே பார்ப்பார்கள். ஓடுகிற படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்ப்போம். நிற்கிற படத்தில் ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். முதலில் ஆரம்பித்தது நாலாம் மாடி யும்னா. ஏழு வயது. முன்பல் இல்லை, வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். ஒரு மிருகக் கார்ட்டூனில் சிங்கராஜா ஊர்வலம் போகும்போது படம் நின்றது. ராஜாவின் மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் ஒரு கழுதை.

"தங்கம் ஆன்ட்டி, அந்த டாங்கிக்கு நேம் என்ன?"

எனக்கு என்ன தெரியும்? "சாப்பிடு" என்றேன். ஆனால் படம் மறுபடி ஓடியபோது எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கழுதையையே பார்த்தார்கள். கடைசிவரை அதற்குப் பெயர் வரவில்லை. ராஜா காட்டைக் காப்பாற்றிவிட்டார், எல்லாரும் கைதட்டினார்கள். யும்னா மட்டும், "தட்ஸ் நாட் ஃபேர்லா, அதுதானே எல்லாத்தையும் தூக்கிச்சு" என்றாள்.

இன்னொரு மாதம் வில்லன் கூட்டம் மொத்தமும் வரிசையாக நிற்கும்போது நின்றது. ரக்ஷனா என்றொரு பிள்ளை, அமைதியானவள், தன் கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "எல்லா பேட் கைஸும் என் கலர்" என்றாள். அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன், என் சமோசாவையும் கொடுத்தேன். அதைவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாது. அவர் மாடியில் தொழுதுகொண்டிருந்தார்.

பிரச்சினை வந்தது ஒரு கூட்டுக் குடும்பப் படத்தால். பெரிய சாப்பாட்டு மேசை, அப்பா, சித்தப்பா, அத்தை, பேரப்பிள்ளைகள் என்று மேசை கொள்ளாத கூட்டம், எல்லாரும் வாய் நிறையச் சிரிப்பு. அங்கே நின்றது படம். பிள்ளைகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். ஓரத்தில், பாதி உடம்பு திரைக்கு வெளியே போயிருக்க, கரண்டியோடு ஒரு அம்மா.

"அந்த ஆன்ட்டி எப்ப மக்கான் பண்ணுவாங்க?" என்றான் பிரேம். அவள் எப்போது சாப்பிடுவாள் என்று கேட்கிறான்.

படம் முடியும்வரை பார்த்தார்கள். அந்த அம்மா பரிமாறினாள், அழுதாள், சாமி கும்பிட்டாள், தியாகம் செய்தாள். சாப்பிடவே இல்லை.

பிரேம் யார் என்று நினைக்கிறீர்கள்? குடியிருப்பாளர் குழுத் தலைவர் பரமசிவத்தின் மகன். அன்று ராத்திரி அவர் வீட்டில் தோசை. பையன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா உக்காந்தாதான் சாப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டானாம். அவன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேவிட்டாளாம். அடுப்பில் இருந்த தோசை கருகிப்போயிருக்கிறது.

மறுநாள் லிஃப்ட் வாசலிலேயே பரமசிவம் அண்ணனையும் என்னையும் பிடித்துக்கொண்டார்.

"பாய், படம் போடுங்க, வேணாங்கல. நிறுத்தி வச்சுப் பிள்ளைங்களக் கிளப்பி விடாதீங்க."

"நான் எங்க தம்பி கிளப்புனேன்? நான் தொழுவப் போயிருந்தேன்!"

"தோசைன்னா யாராச்சும் ஒருத்தர் நின்னுதான் ஆகணும் பாய். ஆறிப்போனா யாரு திம்பா?"

"நியாயந்தான்" என்றார் அண்ணன் பாவமாக.

"அப்ப நீங்க நில்லுங்களேன்" என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பரமசிவம் கெட்டவர் இல்லை, கறார் பேர்வழி. அடுத்த காட்சிக்குத் தானே வருவதாகவும், நடுவில் படம் நின்றால் அந்தச் சனிக்கிழமையை நடனக் குழுவுக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவர்களும் ரொம்ப நாளாக அறை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். ஆமினா அக்கா எனக்குப் போன் போட்டார். "புரொஜக்டரத் துடைச்சுத் துடைச்சு வச்சுக்கிட்டு இருக்காக தங்கம். படம் போயிட்டா இவுக மறுபடி என் டப்பாவுல கை வைப்பாக" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "இதுவும் போச்சுன்னா மனுஷன் ஒடஞ்சிருவாக" என்றார்.

யோசித்து யோசித்து அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். காட்சியை நாலு மணிக்கு மாற்றிவிட்டால் மஃரிபுக்கு முன்னாலேயே படம் முடிந்துவிடும். நிறுத்தவே வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்து, "யாரும் ஒண்ணும் கேக்கப்படாது, சரியா? அங்கிளுக்காக" என்று கெஞ்சினார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த வயதில் ஒருவர் அப்படிக் கெஞ்சும்போது நானும் போய் வரிசையில் உட்கார்ந்தேன்.

படம் நிற்காமல் ஓடியது. தொலைந்த அண்ணன் திரும்பி வந்தான், பிரிந்த குடும்பம் சேர்ந்தது, கடைசியில் எல்லாரும் ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரவூப் அண்ணன் இரண்டு கைக்குட்டையையும் நனைத்துவிட்டார். விளக்கைப் போட்டதும் பரமசிவம் எழுந்து, "இதான் நான் கேட்டது. குடும்பத்தோட வந்தோம், பாத்தோம், சிரிச்சோம்" என்று பேச ஆரம்பித்தார். அண்ணனின் முகத்தில் இத்தனை நாள் இல்லாத வெளிச்சம்.

அந்த நேரத்தில் கதவோரம் சமோசாத் தட்டோடு ஆமினா அக்கா வந்து நின்றார். இன்றைக்குத் திரையில் உறைந்து நிற்கும் காட்சி இல்லையே, பிள்ளைகளுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

யும்னா கையைத் தூக்கினாள். கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் முதலில் வாயைத் திறக்கவில்லை, கையை மட்டும் ஆட்டினாள். பரமசிவமே, "என்னம்மா?" என்றார்.

"எல்லாருக்கும் சேர் இருக்கு. ஆமினா ஆன்ட்டியோட சேர் எது?"

நாற்காலி போடுவது எப்போதும் அண்ணன்தான். தலைவருக்கு, பெற்றவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, எனக்கு என்று பார்த்துப் பார்த்துப் போடுவார். அண்ணன் வரிசையைப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை பார்த்தார். அக்காவுக்கென்று அங்கே நாற்காலி இல்லை. இதுவரைக்கும் இருந்ததில்லை.

"அட, அவுகளுக்குப் படமெல்லாம் புடிக்காதும்மா" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"யாரு சொன்னா?" என்றார் ஆமினா அக்கா. கோபமாகவெல்லாம் இல்லை, தட்டைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார். "சமோசா பொரிச்சுக் குடுத்துட்டு, மேல போயித் தேத்தண்ணி ஊத்தி, நான் மறுபடி எறங்கி வரும்போது எல்லாப் படத்துலயும் கடைசிதான் ஓடும். எல்லாரும் அழுதுகிட்டு இருப்பீக. எதுக்கு அழுவுறீகன்னு எனக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது."

பிரேமின் அம்மா திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். பரமசிவம் உட்கார்ந்துவிட்டார்.

ரவூப் அண்ணன் போய்த் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடு வரிசையில் போட்டார். அக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கினார். "உக்காரு ஆமினா. மொதல்லேர்ந்து போடுறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? மணி என்ன ஆச்சு? நடுவுல மஃரிப் வந்துரும். நிறுத்தணும்."

"நிறுத்துவேன்."

"அறை போயிருமே!"

"போவட்டும்" என்றார்.

ஒரு குடும்பம்கூட எழுந்து போகவில்லை. படம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. மஃரிப் வந்தது, சட்டென்று நிறுத்தினார். நான் பரமசிவத்தைத் திரும்பிப் பார்த்தேன். இருவரும் தொழ மாடிக்குப் போனார்கள். கால் மரத்துப்போனதோ என்னவோ, பரமசிவம் எழுந்து நடந்து, காலியாக இருந்த அந்த நாற்காலியில் உட்காரப் போனார்.

"நோ, நோ! அது ஆமினா ஆன்ட்டி சேர்!" என்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் துள்ளி நிமிர்ந்துவிட்டார். பிரேம் சமோசாத் தட்டை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தான். "பா, நீங்க குடுங்க." மனுஷன் தட்டை வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தார். தன் மனைவிக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் அசட்டுச் சிரிப்பு. என்னிடம் வந்ததும் குனிந்து, "அடுத்த மாசம் பழையபடி ஆறு மணிக்கே வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். நான் வாயில் இருந்த சமோசாவோடு தலையை ஆட்டினேன். இல்லாவிட்டால் ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பேன்.

அண்ணன் இறங்கி வந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். படத்தை ஓடவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு கதவோரம் போய் நின்றார், அக்கா எப்போதும் நிற்கிற அதே இடத்தில். ஆமினா அக்கா நடு நாற்காலியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தொலைந்த அண்ணனுக்காக இப்போதே கண்ணைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எனக்குக் கையைக் காட்டினார். எழுந்து போனேன். கதவுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு தூண். அதைச் சுற்றி எட்டிப் பார்க்க இந்தப் பக்கம் சாய்கிறார், அந்தப் பக்கம் சாய்கிறார்.

"தங்கம், இங்கேர்ந்து பாதித் திரைகூடத் தெரியலயே."

"ஆமாண்ணே. தெரியாது."

தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். திரையில் அப்போது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.