வால்பிக்குப் போன வார இறுதி

டென்மார்க்கின் ஓர்ஹூஸில் தாதியர் படிப்பின் இரண்டாவது ஆண்டில் நாங்கள் மூன்று பேர் ஒரே மாணவர் விடுதியில் ஒரு சமையலறையைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். ஒருத்தி ஸ்கீவே ஊர்க்காரி. எதற்கும் திட்டம் வேண்டும் அவளுக்கு. சோறு வடிப்பதற்குக்கூட கைபேசியில் நினைவூட்டல் வைப்பாள். மற்றவள் எங்களைவிட ஒரு தலை உயரமானவள். தாயோடு தனியாக வளர்ந்தவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. நான் பிராண்டேயில் பிறந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை. எங்கள் கதையெல்லாம் டேனிஷில்தான். இங்கே நான் அதை என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

வசந்தத்தில் ஒரு வார இறுதிக்கு எங்காவது போவதென்று முடிவாயிற்று. ஸ்கீவேக்காரி பஸ்ஸில் ஹம்பேர்க் போகலாம் என்றாள். உயரமானவள் கோப்பன்ஹேகன்தான் என்று பிடிவாதமாக நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். கடைசியில் அவள் சொன்னதே முடிவாயிற்று.

எனக்கு நகரத்துக்கு நடுவில் ஒரு மலிவான விடுதியில் தங்க ஆசை. அம்மா விடவில்லை.

"கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில இஷொயில பெரியம்மா இருக்கேக்க நீங்கள் ஏன் வேற இடத்தில நிக்கிறியள்? அவ கேள்விப்பட்டா என்ன நினைப்பா?"

பெரியம்மா கேள்விப்படட்டும் என்று அம்மா காத்திருக்கவில்லை. அன்று மாலையே பெரியம்மா என்னை அழைத்து, மூன்று மெத்தைகள் எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் உயரமானவள் இருக்கையில் இருக்கவே இல்லை. கதவடியில் நிற்பதும், பெட்டி பெட்டியாக நடந்து திரும்பி வருவதுமாக இருந்தாள். பெரிய பாலத்தில் ரயில் ஏறியபோது ஸ்கீவேக்காரி கடலைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். நான் உயரமானவளிடம், "ஏன் நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"கால் உளையுது" என்றாள்.

கால் உளைந்தால் மனிதர்கள் இருப்பார்கள், நிற்கமாட்டார்கள். ஆனால் நான் அதைக் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்காக நான் உண்மையிலேயே காத்திருந்தேன். கோப்பன்ஹேகனுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எல்லாம் கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் பிறந்தநாளுக்கும். எனக்குத் தெரிந்த கோப்பன்ஹேகன் புறநகர் மண்டபங்களும் அவற்றின் கார் தரிப்பிடங்களும்தான். சேலை கட்டாமல், அப்பாவின் காரில் இல்லாமல், அந்த நகரத்தில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் அவள் எங்களை நடக்க விடவில்லை, ஓட வைத்தாள். கோப்பி வாங்கினால் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள். வட்டக் கோபுரத்தின் சுழல் பாதையில் எங்களை முந்திக்கொண்டு ஏறினாள். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் கீழே இறங்கத் தொடங்கியிருந்தாள். கால்வாய்ப் படகுக்கு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வரும் நேரத்தில் வரிசையை விட்டு வெளியேறினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்கு என்ன பிரச்சினை? நீதானே இஞ்ச வரவேணும் எண்டு நிண்டனி" என்றேன்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்ர அப்பா இஞ்ச வால்பியில இருக்கிறார். நான் முதலாம் வகுப்பு படிக்கேக்க கடைசியாக் கண்டது."

விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு வருடமாகிறதாம். தாய்க்குத் தெரியாதாம்.

"நாளைக்கு ஆறுதலாப் போவம்" என்றேன் நான்.

"இல்லை. இப்ப போறன். நீங்கள் படகில போங்கோ."

அவளைத் தனியே விட்டுவிட்டுப் படகில் ஏற எங்களால் முடியவில்லை. மூவரும் ரயிலேறினோம்.

சிவப்புச் செங்கல் மாடிக்கட்டடம். வாசலில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவள் பெயர்ப்பலகையில் ஒரு பெயரைத் தொட்டாள். அது அவளுடைய குடும்பப் பெயர்தான். பிறகு அழைப்பு மணியை அழுத்தினாள். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

"ஹலோ, ஆர் அது?"

அவள் பேசவில்லை. அந்தக் குரல் வீட்டுக்குள் திரும்பிச் சொல்வதும் எங்களுக்குக் கேட்டது. "அப்பா, ஆரோ மணி அடிச்சவை, ஆனா கதைக்கினமில்லை."

பிறகு ஓர் ஆணின் குரல் வந்தது. "ஹலோ?"

அவள் திரும்பி நடந்துவிட்டாள். பின்னால் நாங்கள் ஓடினோம். மழை தூறத் தொடங்கியது. வால்பியிலிருந்து பூங்காக்களுக்கூடாக, எங்கே போகிறோம் என்று தெரியாமல் மாலைவரை நடந்தோம். எங்கேயாவது இருப்போம் என்று யாராவது சொன்னால் அவள் இன்னும் வேகமாக நடந்தாள். எனக்கு அவள்மேல் பாவமும் இருந்தது, என் சனிக்கிழமை போய்விட்டதே என்ற எரிச்சலும் இருந்தது. இரண்டும் சேர்ந்து என்னையும் நிற்கவிடாமல் துரத்தின.

பெரியம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். டேனிஷ் அங்கேதான் பழகினார். அதனால் யாரோடு பேசினாலும், காது கேளாதவர்களோடு பேசுவது போல உரத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். அன்றிரவுச் சாப்பாட்டில் என் தோழிகளிடம் அப்படியே, "கோழி. உறைப்பு. குறைவு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன? சோத்தைக் கிளறிக்கொண்டு இருக்குது."

"தலையிடி, பெரியம்மா" என்றேன்.

ஞாயிறு காலை எழும்பியபோது உயரமானவளின் மெத்தையில் ஆள் இல்லை. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அழைத்தால் எடுக்கவில்லை. ஸ்கீவேக்காரி ஸ்டேஷன்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து, அழத் தொடங்கினாள். பெரியம்மா சபைக்குப் போகச் சேலை கட்டி, வேதாகமத்தைக் கையில் எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வேதாகமத்தை மேசையில் வைத்தார்.

"நான் இண்டைக்குப் போகேல்லை. பிள்ளை வரட்டும்."

குளிர்பெட்டியிலிருந்து ரோல்ஸ் எடுத்துப் பொரிக்கத் தொடங்கினார். நாங்கள் இருவரும் பல்கனிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தோம். எண்ணெய் மணம் வீடு முழுக்கப் பரவியபோது, கீழே ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. அவள் இறங்கினாள். ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஓர் ஆள் குனிந்து வெளியே வந்து நிமிர்ந்தார். அந்த உயரத்தைப் பார்த்ததும் யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் கார் பக்கத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்களாக நின்றார்கள். பெரியம்மா பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, இஷொய் முழுவதற்கும் கேட்கும்படி டேனிஷில் கூப்பிட்டார்.

"மேல! வாங்கோ! தேத்தண்ணி!"

தகப்பன் வந்து சோபாவின் நுனியில் இருந்தார். காலையில் அவள் மறுபடி மணியடித்தபோது அவரே கீழே இறங்கி வந்தாராம். "நேற்று வந்ததும் நீதானோ?" என்றுதான் முதலில் கேட்டாராம். பிறகு இருவரும் வீதியைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். மேலே வீட்டுக்கு அவர் அவளைக் கூப்பிடவில்லை. மனைவிக்குத் தெரியும், சின்னவளுக்கு இன்னும் சொல்லவில்லை என்றாராம். தன் வீட்டுக்குள் மகளைக் கூட்டிப்போக முடியாத மனிதர் முன்பின் தெரியாத என் பெரியம்மா வீட்டில் தேநீர்க் கோப்பையோடு இருந்தார்.

பெரியம்மா அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டார். தன் வழக்கமான உரத்த குரலில், சொல் சொல்லாகக் கேட்டார்.

"ஏன். இவ்வளவு. வருசம். வரேல்லை?"

எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. உயரமானவள் எழும்பிப் பல்கனிக் கதவடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் வெளியே போகவில்லை.

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். "முதல்ல இவளின்ர தாயோட கோபம். பிறகு வேலை இல்லை, வெறுங்கையோட வர விருப்பமில்லை. பிறகு வெக்கம். வெக்கம்தான் கனகாலம் இருந்தது."

பெரியம்மா ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு ரோல்ஸ் எடுங்கோ."

அவர் எடுத்தார். உறைப்பில் அவருடைய கண் கலங்கியதா, வேறெதனாலாவதா என்று எனக்குத் தெரியாது.

அவர் புறப்பட எழும்பியபோது, பெரியம்மா ஜெபிக்கலாமோ என்று கேட்டார். வேண்டாம் பெரியம்மா என்று கண்ணால் கெஞ்சினேன். தகப்பனோ சரியென்று தலையாட்டிவிட்டார். பெரியம்மா தமிழில் ஜெபித்தார், அவருடைய கணக்குக்கு மிகச் சுருக்கமாக. அந்த நெடிய மனிதர் ஒரு சொல்லும் விளங்காமல் தலை குனிந்து நின்றார். உயரமானவள் கண்ணை மூடவில்லை, பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் அவள் மறுபடியும் கதவடியில் நின்றாள். இம்முறை நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"உன்ர பெரியம்மா என்ன சொன்னவ?"

"'அந்த வீட்டில இருக்கிற சின்னப் பிள்ளைக்குத் தனக்கு ஒரு அக்கா இருக்கிறா எண்டு தெரிய வேணும்' எண்டு கேட்டவ."

அவள் அடுத்த பெட்டிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். "வேற என்ன கேட்டவ?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அவளுடைய தகப்பன் கோடை முழுக்க ஒரு செய்தியும் அனுப்பவில்லை. அவள் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். அந்த மேசையில் எங்களால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, முன்னறிவிப்பு இல்லாமல், அவர் சின்னவளோடு எங்கள் விடுதி வாசலில் வந்து நின்றார். சின்னவள் உயரமானவளை அடி முதல் முடிவரை அண்ணாந்து பார்த்து, "நானும் இவ்வளவு வளருவனோ?" என்று தகப்பனைக் கேட்டாள்.

அதன் பிறகு அவர் இரண்டு தடவை வந்தார். வருவதாகச் சொல்லி வராமலும் இருந்திருக்கிறார். உயரமானவள் அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாங்கள் படிப்பு முடித்து ஆளுக்கொரு வைத்தியசாலைக்குப் போய்விட்டோம். சின்னவள் மட்டும் கணக்குப் பாடம் விளங்காத நாட்களில் அவளை அழைக்கிறாளாம். கணக்கு முடிந்த பிறகும் கைபேசியை வைக்காமல் கதைத்துக்கொண்டிருப்பாளாம்.