வென்சு சொன்ன ஒரு வார்த்தை

என் அக்கா புருஷன் வென்சு நல்லவனா கெட்டவனா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவன் தோளை மட்டும் பார்த்துச் சொல்வதென்றால் நல்லவன். ஈஸ்டர் காலையில் உயிர்த்த இயேசுவின் சிலையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மால்டா ஊரின் கோவில் தெரு ஏற்றத்தில் ஓடுகிற ஆட்களில் முன்கட்டை, அதாவது முன்பக்கத்துத் தூக்குக்கட்டை, அவனுடையது. அவன் அப்பாவும் அதே இடத்தில்தான் தூக்கினார். தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்துப்போயிருந்த இடத்தை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சட்டையை விலக்கிக் காட்டுவான். கப்பல் பட்டறையில் வேலை போனபோது அவன் அழவில்லை. என் அக்கா போனபோதும் அடக்கம் முடியும்வரை விறைத்துக்கொண்டு நின்றான். அந்த முன்கட்டை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் மட்டும் அவனுக்கு எப்போதும் உண்டு. வயது ஏறிக்கொண்டிருந்தது, இளவட்டங்கள் வரிசையில் நின்றார்கள்.

துறைமுகத்து வாயிலில் இருக்கிற பழைய கோட்டையில் சினிமா எடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் ஊர் ஆண்கள் டிராயில் செத்திருக்கிறார்கள், கார்த்தேஜில் செத்திருக்கிறார்கள், ரோமில் எத்தனை முறை செத்தார்கள் என்று அவர்களுக்கே நினைவில்லை. நான் உடுப்புப் பிரிவில் தையல்காரி. செத்தவனின் அங்கியைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, மறுநாள் சாகப்போகிறவனுக்கு மாட்டிவிடுவது என் வேலை.

அந்த வருஷம் வந்த படம் அந்தியோக்கியா நகரத்துக் கதை. கிறிஸ்தவம் புதிதாக அரசாங்க மதமான காலம். பழைய கோவில்களை இழுத்து மூடிய பிறகும் ஒரு கிழட்டுத் தத்துவஞானி, ஆன்மா, அறிவு என்று பாடம் நடத்திக்கொண்டே இருக்கிறான். துறவிகள் கூட்டம் ஒன்று அவனைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்துக் கொல்கிறது. தாடியையும் உடம்பையும் பார்த்து எங்கள் ஆட்களைத் துறவிகள், பழைய சாமி கும்பிடுகிறவர்கள் என்று பிரித்தார்கள். வென்சு முதல் நாளே சண்டைக்கு நின்றான்.

"நான் சிலை தூக்குறவன். என்னைக் கொண்டுபோய் அந்தக் கல்லுச்சாமி கும்பிடுற கூட்டத்துல தள்ளாதீங்க."

சரியென்று துறவிகள் பக்கம் போட்டார்கள். அங்கியைப் போட்டுப் பார்க்கும்போது நான் சொன்னேன், "வென்சு, நீங்கதான் அந்தக் கிழவனைக் கொல்லப் போறீங்க, தெரியுமா?"

"கொன்னா என்ன மரித்ரெஸ்? நம்ம பக்கம்தானே?" என்றான்.

பின்வரிசையில் கல் தெய்வத்தைச் சுமந்து நிற்கிற வேஷம் நிஸாருக்கு. சிரியாக்காரன். படகுத்துறையில் இறைச்சி சுட்டு ரொட்டியில் சுற்றி விற்கிறவன். நிஜ அந்தியோக்கியாவுக்கும் அவன் ஊருக்கும் நடுவில் ஒரு மலைதான் இருக்கிறதாம். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று அந்தக் கோட்டையில் நிஜமாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், ஆனால் அவனை யார் கேட்டார்கள்? வென்சு அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டான். "ஏய் அரபி, வெயில்ல நில்லு, உனக்குப் பழக்கம்தானே" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

கொலைக் காட்சி வந்தது. கொன்றவர்களில் ஒருவன் தன் கையிலிருக்கிற ரத்தத்தைப் பார்த்து ஒரு வரி சொல்ல வேண்டும். வென்சுவின் உடைந்த மூக்கு இயக்குநருக்குப் பிடித்துப்போயிற்று. "உன் சொந்த மொழியில் சொல்லு, காதுக்குப் பழசாக இருக்கட்டும்" என்றார்களாம். அவன் மண்டியிட்டு, கையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான். "அல்லா யஹ்ஃபிர்லி."

கடவுள் என்னை மன்னிக்கட்டும். மால்டாவில் பிறந்தவனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? எங்கள் மொழி அரபியின் வயிற்றில் பிறந்தது, கடவுளுக்கு எங்களிடம் இருக்கிற பெயர் அதுதான். பாதிரியார் பலிபீடத்தில் சொல்வதும் அதுதான், மீன்காரி தராசைத் தூக்கிக்கொண்டு சத்தியம் செய்வதும் அதன் மேல்தான். வென்சு அதை நடிப்பாகச் சொல்லவில்லை. என் அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களெல்லாம் அந்தக் குரலில் இருந்தன. கையில் ஊசியோடு நின்ற நான் அழுதுவிட்டேன்.

காட்சி முடிந்ததும் நிஸார் கல் தெய்வத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, நீங்க சொன்னது எனக்கு அப்படியே புரிஞ்சுது. எங்க அம்மாவும் இப்படியேதான் சொல்வாங்க."

"உனக்குப் புரியணும்னு நான் சொல்லல. இது எங்க பாஷை. போடா அந்தப் பக்கம்."

நிஸாரின் முகம் வாடிவிட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போனான்.

படத்தின் முன்னோட்டம் வெளியானபோது வென்சு ஊரையே கூப்பிட்டுக் காட்டினான். அவன் முகம், ரத்தக் கை, அந்த வரி, எல்லாம் அதில் இருந்தன. ஆனால் வெளிநாட்டில் பார்த்தவர்கள் கொதித்துவிட்டார்கள். முகமதுநபி பிறப்பதற்கு முந்தைய கதையில் ஒருவன் அல்லா என்கிறானே, கொலைகாரனை முஸ்லிம் ஆக்கிவிட்டீர்களே என்று ஒரு கூட்டம். கிறிஸ்தவத் துறவியை இப்படிக் கேவலப்படுத்துவதா என்று இன்னொரு கூட்டம். தயாரிப்பாளர்கள் பயந்துபோய் மன்னிப்பு அறிக்கை விட்டார்கள். அது எங்கள் ஊர்ப் பத்திரிகையிலும் வந்தது. 'அரபுத் துணை நடிகர் ஒருவர் தவறுதலாகப் பேசிவிட்டார்.'

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அல்லாவே, என்னால முடியல!" என்று அதே வார்த்தையைச் சொல்லித்தான் சிரித்தார்கள், யாருக்கும் அது உறைக்கவில்லை.

எங்களிடம் பட்டப்பெயர் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. பாதி ஊருக்குக் குடும்பப் பெயர் ஒன்றுதான், அதனால் பட்டப்பெயரை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்போம். அது பேரன் வரைக்கும் போகும், செத்தால் பத்திரிகை அறிவிப்பிலும் வரும். வென்சுவின் வீட்டுக்குப் 'பாய்மரக்காரர்' என்று நல்ல பெயர் இருந்தது. ஒரே வாரத்தில் அது 'அரபி' ஆகிவிட்டது. ரொட்டிக் கடையில் அரபிக்கு ஒரு ரொட்டி, மதுக்கடையில் அரபிக்கு ஒரு கிளாஸ்.

படம் அரங்குக்கு வந்தபோது நானும் அவனோடு போனேன். திரையில் அவன் உதடு அல்லா என்று அசைந்தது, வேறு எவனோ ஒருவனின் குரல் லத்தீனில் வந்தது. பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான், "பார்றா, அரபி லத்தீன் படிச்சிட்டான்!" வென்சு எழுந்து வெளியே போய்விட்டான்.

தவக்காலத்தில் லிப்பு, வென்சுவின் வீட்டுக்கு வந்தான். ஆணி, பெயிண்டு கடை வைத்திருப்பவன், திருவிழாக் கமிட்டித் தலைவன். நான்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"வென்சு, மனசுல வச்சுக்காத. சிலை ஓடும்போது ஜனங்க 'வீவா'ன்னு வாழ்த்துக் கோஷம் போடணும். 'அரபி'ன்னு கத்தினா யாருக்கு அசிங்கம்? இந்த வருஷம் என் மருமகன் தூக்கட்டும்."

"நீயும் அல்லான்னு சொல்லித்தானே கும்பிடுற?"

"நான் சினிமாவுல சொல்லலையே."

"என் அப்பன் தூக்கின இடம்டா அது, லிப்பு. அதை எடுத்துட்டா எனக்கு வேற என்னடா இருக்கு?"

லிப்பு காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்து போனான். எனக்கு அந்தக் கோப்பையைக் கழுவவே பிடிக்கவில்லை.

சிலை தூக்குகிறவர்களை உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் முறை. லிப்புவின் மருமகன் வென்சுவைவிடக் குள்ளம், அது எல்லாருக்கும் தெரிந்தும் அவனையே நிறுத்தினார்கள். ஈஸ்டர் அன்று நானும் வென்சுவும் ரொட்டிக் கடை வாசலில் நின்றோம். பிள்ளைகள் ஆசீர்வாதத்துக்காக பிகோல்லாவைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அதுதான் எங்கள் ஈஸ்டர் பாதாம் பணியாரம். வாத்தியம் முழங்க, சிலை ஏற்றத்தில் ஓடிவந்தது. திருப்பத்தில் முன்பக்கம் சரிந்தது. சிலை விழவில்லை. இயேசுவின் கையிலிருந்த வெள்ளிக்கொடி கழன்று கல்லில் விழுந்து உருண்டது.

வாத்தியம் நின்றுவிட்டது. யாரோ சொன்னார்கள், "அரபி கண்ணு பட்டுடுச்சு."

தெருவே எங்கள் பக்கம் திரும்பியது. பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையின் பிகோல்லாவை மேல்சட்டைக்குள் இழுத்து மறைத்தாள். அந்த முகங்களில் பாதிக்கு நான் கோட்டையில் அங்கி மாட்டிவிட்டிருக்கிறேன். அன்று அங்கி தேவைப்படவில்லை.

"வாங்க, போயிடலாம்" என்று வென்சுவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் நகரவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு மீன்பெட்டி மேல் ஏறி நின்று நிஸார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அனுப்புவதற்காகவோ என்னவோ, கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். வென்சு கையை நீட்டினான்.

"நானா அரபி? அதோ நிக்கிறான் பாருங்கடா அரபி! அவன் கண்ணுதான்!"

யாரைச் சொல்கிறார்கள் என்று நிஸார் தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதற்குள் அவனைப் பெட்டியிலிருந்து இழுத்துவிட்டார்கள். கீழே கிடந்து அவன் கடவுளைக் கூப்பிட்டான். அது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது, அடித்தவர்கள் உட்பட. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவன் பல் உடைந்திருந்தது, போனும் நொறுங்கியிருந்தது. வென்சு ரொட்டிக் கடை வாசலிலேயே நின்றான். படகுத்துறைக் கடை அந்த வாரமே காலியாயிற்று, நிஸார் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் முன்கட்டை வென்சுவுக்குத் திரும்பக் கிடைத்தது. லிப்புவே வந்து, கட்டிப்பிடித்துச் சொல்லிவிட்டுப் போனான். வென்சு நன்றாகவே ஓடினான், தெரு முழுக்க "வீவா பாய்மரக்காரன்!" என்று கத்தியது. அன்று சாயங்காலம் நான் அவன் வீட்டுக்குப் போய் என் அக்காவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை, நானும் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.