கடைவாய்ப் பல்லில் விட்ட மிச்சம்

கல்யாணமான மறு வருஷம் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. வலியைவிட, பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம்தான் என்னை அதிகம் தின்றது. கம்பத்துப் பல் டாக்டரின் மெஷின் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அந்த வழியாக மார்க்கெட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

முதலில் மாமியார் வைத்தியம். "பூச்சிதான் ஆத்தா அரிக்குது. புகை போட்டா உதுந்துரும்."

கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டு, புகையைக் குழல் வைத்து வாய்க்குள் விட்டார். கண்ணும் மூக்கும் ஒழுகின. கிண்ணத்துத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. அவர் பூச்சி என்றார். எனக்கு வெடித்த விதையாகத்தான் தெரிந்தது. மறுநாளே வலி திரும்பிவிட்டது.

கணவர் திராட்சைக்காரர். எந்த நோவுக்கும் அவருக்கு மருந்து தோட்டத்துக் கொட்டகையில்தான். "கொடியில பூஞ்சாணம் போக மயில்துத்தம்தான அடிக்கிறோம்? ஒரு பொடி வச்சுப் பாரு."

புத்தி கெட்டுப்போய் வைத்தேன். ஈறு வெந்து கொப்பளித்தது. அதற்குப் பிறகு டாக்டரைத் தவிர வேறு கதியில்லை.

"மெஷின்னா சீக்கிரம் முடியும். இந்தச் சின்னக் கரண்டியால சுரண்டுனா சத்தம் இருக்காது, நேரமாகும்" என்றார் டாக்டர். நான் கரண்டியைக் காட்டினேன். குழியின் வாய் குறுகல், கரண்டி நுழையவில்லை. குழியின் வாயை மட்டும் அகட்டிக்கொள்கிறேன் என்று கடைசியில் மெஷினைத்தான் எடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும் மண்டை முழுக்க அதிர்ந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். பிறகு கரண்டி. சத்தமில்லை என்றாரே, பொய்! எலும்புக்குள்ளேயே யாரோ தேங்காய் துருவுவது போல இருந்தது.

திடீரென்று நிறுத்தினார். "அடியில கொஞ்சம் சொத்தைய விட்டிருக்கேன். இன்னும் தோண்டுனா நரம்பு திறந்துக்கிரும், அப்புறம் பல்லு நிக்காது. மருந்து வச்சு இறுக்க மூடிட்டா அப்படியே அடங்கிரும்."

பக்கத்தில் நின்ற கணவருக்குப் பொறுக்கவில்லை. "கவாத்து பண்ணுறப்ப நோவுக் கிளைய நல்ல கட்டை தெரியுற மட்டும் வெட்டுவோம் சார். மிச்சம் வச்சா கொடியே போயிரும்."

"கொடி திரும்பத் தழைக்கும். பல்லு தழைக்காதுல்ல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாயெல்லாம் பஞ்சு. மூடச் சொல்லிக் கைகாட்டினேன். டாக்டர் மேல் நம்பிக்கை வந்து அல்ல; அந்தக் கரண்டி மறுபடி உள்ளே வந்துவிடக் கூடாதே என்ற நடுக்கத்தில்.

பல் பிழைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட வலித்ததில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் வைத்து ஒரு வாய்ச் சோறு நான் இன்றுவரை மென்றதில்லை.