ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்

கொம்பியூட்டர் தொழிலில் திட்டு வாங்குவது நாம். அடி வாங்குவது நாம் முகமே பார்த்திராத யாரோ ஒருவர். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இது புரியும். யுத்த காலத்தில் கண்டியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் அட்டை அச்சிடும் புரோகிராம் எழுதினோம்.

ஒரே பிறந்தநாள்

தோட்டத்து முதியவர்கள் பலருக்குப் பிறந்த ஆண்டு மட்டுமே தெரியும். தேசிய அடையாள அட்டையில் மாதமும் நாளும் வெறுமை. எங்கள் தரவுத்தளமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆனால் அதிலிருந்து தகவலை எடுத்துத் தர, ‘டிரைவர்’ என்ற பொதுத்தர மென்பொருளை நடுவில் வைத்திருந்தோம். அதற்கு அரைகுறைத் திகதி ஆகாது. வெறுமையான இடத்தில் ஜனவரி முதலாம் திகதியைத் தானே போட்டது. அட்டைகள் போய்ச் சேர்ந்ததும் தோட்டத்துக் கிளாக்கர் போன் பண்ணினார்:

“என்னங்க தம்பி, எங்க தோட்டத்துல புது வருசத்துக்கு மட்டுந்தான் புள்ள பெத்துக்கிட்டாங்களா?”

மேலாளரின் தீர்ப்பு

அட்டைகளைத் திரும்ப வாங்குவோம் என்றேன். திகதியை டிரைவரின் பிடியிலிருந்து கழற்றி, ஆண்டு மட்டும் இருந்தாலும் ஏற்கும் ஒரு திகதி வகையை நாமே எழுதவேண்டும் என்றேன். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் மேலாளர் கதிரையை விட்டு அசையவில்லை.

“உலகம் முழுக்கச் சரியா ஓடுற டிரைவர் உமக்கு மட்டும் பிழையோ? போய் வேலையைப் பாரும்.”

அம்பிட்டிய சோதனைச் சாவடி

முத்தையா கண் ஆபரேஷனுக்காகக் கண்டிக்கு பஸ்ஸில் வந்த தோட்டத்து முதியவர். சாவடியில் இரண்டு அட்டைகளையும் நீட்டியிருக்கிறார். ஒன்றில் ஆண்டு மட்டும். எங்கள் அட்டையில் முழுத் திகதி. போலி அட்டை என்று பொலிஸ் உள்ளே வைத்துவிட்டது. சரியான அட்டை வந்தால்தான் விடுவார்களாம். அவர் மகள் எங்கள் படியேறி வந்து அழாமல் கேட்டாள்:

“எங்கப்பா எப்பப் பொறந்தாருன்னு பெத்தவளுக்கே தெரியாது. ஒங்க மிசினுக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு?”

கழற்றியது

மேலாளரிடம் மறுபடி கேட்கவில்லை. திரை, தேடல், அச்சு என்று எல்லா இடத்திலும் டிரைவரின் திகதி வகைதான் ஊறிக்கிடந்தது. முதலில் அச்சிலிருந்து அதைப் பிடுங்கினேன். இனி டிரைவர் வெறும் எழுத்துகளைச் சுமந்து வந்தால் போதும். அது முழுத் திகதியா, ஆண்டு மட்டுமா என்பதை நான் எழுதிய எங்கள் திகதி வகை தீர்மானிக்கும். புது அட்டை வெளியே வந்தது. பொலிசுக்குக் கொண்டுபோக எழுந்தேன். பக்கத்து மேசைச் சிங்கள நண்பன் சுனில் என் கையிலிருந்து அதைப் பறித்தான்:

“நீ போனா உன்னையும் வெச்சுக்குவாங்க மச்சான், குந்து.”

வெளியே வந்தவர்

சுனில் முத்தையாவை அழைத்து வந்தான். கிழவரின் கன்னம் வீங்கியிருந்தது. ஆபரேஷனுக்குக் குறித்த நாள் தவறிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேறு நாள் குறித்துத் தரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பொறந்த தேதியும் சரி, ஆபரேஷன் தேதியும் சரி, எனக்குன்னா மட்டும் யாருக்குமே தெரியாது போல, தம்பி.”

உலகத் தரம் என்பது பிறந்தநாள் தெரிந்தவர்களின் உலகத்துக்கு மட்டும் என்று அந்த டிரைவரின் கையேட்டில் யாரும் போட்டிருக்கவில்லை.