கரிக்காரர் கை

என் அக்கா வீட்டுக்காரரைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் புகைவண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். நடந்தால் இருமுவார், நின்றால் பெருமூச்சு விடுவார், பேர் பொருத்தம்தான். எனக்கு அத்தான். நானும் அங்கேதான் இஸ்திரி மேசையில் நின்று, ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்து இடுப்பொடிந்தவள். அவர் உலை எரிந்தால்தான் என் மேசைக்கு நீராவி வரும். அவர் படும் பாட்டை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேலையோடு வீடும் கொடுத்திருந்தார் முதலாளி. வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். புகைபோக்கிக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் கரித்தூள், மூடினால் புழுக்கம். அங்கே குடும்பம் நடத்தித்தான் அக்காவுக்கு இழுப்பு வந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். இடத்தை மாற்றச் சொன்னார் டாக்டர்.

"இடத்தை மாத்தணும்னா வேலையை விடணுங்க. வேலையை விட்டா நீங்க எழுதிக் குடுக்கற மருந்தை எதை வெச்சு வாங்கறது?" என்று கேட்டார் அத்தான். அதற்கு டாக்டரிடம் மாத்திரை இல்லை.

போன கோடையில் அக்கம்பக்கத்தார் புகையைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள். துணி காயப்போட முடியவில்லையாம். ஒரு மனுஷி உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறாள், அதை யார் கேட்டார்கள்? துணிக்கு இருக்கிற மவுசு! சரி, அது போகட்டும். முதலாளி யோசிக்க ஆரம்பித்தார். நிலக்கரி மலிவு, ஆனால் புகாருக்குப் பதில் சொல்லி மாளாது. மின்சார பாய்லர் வைத்தால் புகையே கிடையாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் மரத்தூளை இறுக்கிச் செய்த கட்டி ஒன்று வந்திருந்தது. அதே உலையில் எரியும், புகை கொஞ்சம்தான், அள்ளிப் போட ஆள் வேண்டும்.

அத்தான் அந்தக் கட்டியைத்தான் மலைபோல நம்பினார். "அது மட்டும் நல்லா எரிஞ்சிருச்சுன்னு வை, வேலையும் இருக்கும், தங்க இடமும் இருக்கும், உங்க அக்காவும் காலை நீட்டிப் படுப்பா" என்று என் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் சொல்வார்.

"முதல்ல எரியட்டும் அத்தான், அப்புறம் படுக்கலாம்" என்பேன். என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க மூட்டைகள் வந்து இறங்கின. விற்கிறவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஈரம் மட்டும் பட்டிரக் கூடாதுங்க." அத்தான் நன்றாகத் தலையாட்டினார். மறுநாளைக்கு வேண்டியதை உலைப் பக்கத்தில் கொட்டிக் குவித்தார். ஆனால் கரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது கரிக் குவியல்மேல் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போவார்கள். தூசி பறக்காது, பொடியும் ஒட்டிக்கொண்டு நின்று எரியும். ஆயுசெல்லாம் தெளித்த கை அது. அன்றைக்கும் தெளித்துவிட்டுப் போய்விட்டது.

காலையில் பார்த்தால் குவியல் இரண்டு பங்காக ஊதிக் கிடந்தது. கட்டியெல்லாம் கரைந்து ஈர மரத்தூளாகிவிட்டது. அதையும் உலையில் போட்டுப் பார்த்தார். வெள்ளைப் புகை குமுறிக்கொண்டு வந்ததே தவிர நெருப்பு பிடிக்கவில்லை. என் மேசை ஜில்லென்று கிடந்தது. ஓட்டல் வண்டி வெறுமையாகத் திரும்பியது.

முதலாளி வந்து குவியலைக் காலால் கிளறினார். "குப்பையை நம்ம தலையில கட்டிட்டான். பழையபடி கரியே போடுய்யா, வர்ற புகாரை நான் பாத்துக்கறேன். என்ன சொல்ற?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். வேலை இருந்திருக்கும், அறை இருந்திருக்கும். நான் அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்சுவருக்கு அந்தப்பக்கம் அக்கா இருமுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கட்டி மேல தப்பில்லைங்க. நாந்தான் கை மறதியா தண்ணி தெளிச்சிட்டேன். இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாங்க" என்றார் அத்தான்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "ஆள் கை மறந்தா மொத்தக் கடையும் நின்னுபோகுது. அப்ப ஆள் கை படாத மிஷினே மேல்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார்.

மின்சார பாய்லர் வந்தது. பீரோ அளவுக்குத்தான் இருந்தது. அத்தானும் அக்காவும் தட்டுமுட்டுச் சாமான்களோடு என் வீட்டுக்கு வந்தார்கள். சாமானை இறக்க உதவிய வண்டிக்காரர் அவரைத் தேற்றுவதாக நினைத்து, "அந்தக் கரண்ட்டும் எங்கயோ கரியை எரிச்சுத்தான் வருதாம்ணே" என்றார்.

"அங்க உலைக்குப் பின்னாடி வீடு இல்லாம இருந்தாச் சரி" என்றார் அத்தான்.

இப்போது அவருக்கு வேலை இல்லை. நாலு இடத்தில் கேட்டாயிற்று, கரி போடும் ஆள் யாருக்கும் வேண்டாம். ஒருநாள் காலையில் டீ கொண்டுபோனேன். அக்கா பாயில் காலை நீட்டி மல்லாந்து படுத்திருந்தாள். அத்தான் பக்கத்தில் குந்தி, அவள் மூக்கருகே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான்?"

"சத்தமே வரல. பயந்துட்டேன்."

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "உயிரோடதான் இருக்கேன். கையை எடுங்க, கரி வாசம் அடிக்குது."

அவர் எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மோந்து பார்த்தார். மறுபடியும் கழுவினார்.