தறி நின்றதும் ஊசி

சோமனூர்ப் பக்கத்தில் மத்தியானம் கரண்ட் போனால் ஊரே வாய்க்கு வந்தபடி திட்டும். மருதாளுக்கு மட்டும் அப்பாடா என்றிருக்கும். அவள் சாரதாமணியின் பட்டறையில் தறி ஓட்டுகிறவள். மீட்டருக்குத்தான் கூலி என்பதால் தறி ஓடும்வரை நகர முடியாது. அந்தக் கோடையில் லைன் வேலை என்று தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை கரண்டை நிறுத்தினார்கள். அந்த இரண்டு மணி நேரம் அவளுடையது. ஓட்டமும் நடையுமாகக் காலனிக்குப் போய், அடுப்பை மூட்டிச் சோறாக்கி, புருஷன் வெள்ளையனுக்குப் போட்டு, தானும் நாலு வாய் தின்றுவிட்டுத் திரும்புவாள்.

வெள்ளையனும் ஒரு காலத்தில் எட்டுத் தறி ஓட்டியவன்தான். சர்க்கரை வந்து கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மத்தியானச் சோற்றுக்கு அரை மணி முன்னால் ஊசி போட வேண்டும், போட்டபின் தின்னாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மணி பார்க்கக் கண் வேண்டுமே? புருஷனும் பெண்டாட்டியும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காலையிலேயே மருதாள் மருந்தை ஊசியில் ஏற்றி, ஒரு டப்பாவுக்குள் வைத்து, தண்ணீர்ப் பானைமேல் வைத்துவிட்டுப் போவாள். ஊரில் தறிச்சத்தம் நின்றதும் வெள்ளையன் ஊசியை எடுத்து வயிற்றில் குத்திக்கொள்வான். அவன் டப்பாவை மூடி வைப்பதற்குள் அவள் பாதி வழி வந்திருப்பாள்.

சோற்றை ஆக்கி வைத்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தாள். பத்து மணிக்கே தடவியெடுத்து வழித்துத் தின்றுவிட்டு, "பூனை தின்னுருச்சு கண்ணு" என்பான். கருப்பட்டியும் அப்படித்தான் காணாமல் போனது. ஏறிய சர்க்கரையில் காலில் புண் வந்தது. அன்றிலிருந்து தின்கிற பண்டம் எதையும் அவன் கைக்கு எட்ட விடுவதில்லை. கருப்பட்டி டப்பாவைப் பரணில் பழந்துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

சாரதாமணி வீட்டில் இன்வர்ட்டர் உண்டு. அதில் ஃபேன் சுற்றும், மிக்சி சுற்றாது. பின்வாசலில் சும்மா கிடந்த அம்மியைக் கழுவினாள் மகராசி. அரைக்கக் கை வேண்டுமே, புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு இரண்டுக்கு முன்னாலேயே திரும்பிவிடும் மருதாள் கை இருந்தது. அந்தச் சமையல்கட்டை மருதாள் ஒரு நாளும் மிதித்ததில்லை. அவள் காப்பி குடிக்கிற டம்ளர் இன்றைக்கும் பின்சுவரில் தனியாகத்தான் கவிழ்ந்திருக்கும். ஆனால் அவள் அரைத்த மசாலும் சட்னியும் ஜம்மென்று உள்ளே போகும். கரண்ட் இல்லாத நேரத்தில் தீட்டுக்கும் லீவு விட்டுவிடுவார்கள் போல.

அன்றைக்குத் தறி நின்றது. மருதாள் செருப்பை மாட்டினாள்.

"ஏ மருதா, கறிக்கு மசால் அரைச்சுக் குடுத்துட்டுப் போ. எம்புள்ள மோனிஷாவ நிச்சயம் பண்ணுன ஊட்டுக்காரங்க அவிநாசிபாளையத்துல இருந்து விருந்துக்கு வந்துட்டாங்க" என்றாள் சாரதாமணி.

"நாளைக்கு எத்தன வேணும்னாலும் அரைக்கறனுங்கம்மா. அவரு இந்நேரம் ஊசி போட்டிருப்பாருங்க. நான் போய்த்தான் சோறாக்கோணுமுங்க."

"அஞ்சு நிமிஷத்துல என்ன குடியா முழுகிப்போகுது? உக்காரு."

போன மாதம் கூடத் தறி ஓட்டிய சின்னாத்தாள் அரைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அவள் தறியில் வேறு ஆள் நின்றாள். அது நினைவுக்கு வர, மருதாள் உட்கார்ந்தாள். மசாலை வழித்துக் கொடுத்து எழுந்தபோது தேங்காய்த் தட்டு வந்தது. தேங்காய் முடிந்ததும் வடைக்கு ஊறிய பருப்பு வந்தது.

"மயக்கம் வந்துருமுங்கம்மா அவருக்கு."

"ஒரு நாளைக்கு நேரங்கழிச்சுத் தின்னா ஆரும் செத்துப்போறதில்ல."

உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. "மசால் மணக்குதுங்களே, அம்மியில அரைச்சதுங்களா? ஆரு அரைச்சாங்க?"

"நம்ம மோனிஷா கைப்பக்குவமுங்க" என்றாள் சாரதாமணி.

ஒன்றேகாலுக்கு விட்டார்கள். ஒரு பையில் கொஞ்சம் குழம்பும் ஊற்றிக் கொடுத்தார்கள். மருதாள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் டப்பாக்கள் எல்லாம் திறந்து கிடந்தன. மிளகாய், உப்பு, புளி எல்லாம் தரையில் சிதறியிருந்தன. வெள்ளையன் பரணுக்குக் கீழே கிடந்தான். பக்கத்தில் முக்காலி கவிழ்ந்திருந்தது. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கடைவாயில் மென்றும் மெல்லாமலும் பச்சை அரிசி ஒட்டியிருந்தது. மருதாள் முக்காலியில் ஏறி, தான் ஒளித்த கருப்பட்டியைத் தானே எடுத்தாள். உடைத்து அவன் நாக்கில் வைத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கரையவில்லை.

காரியம் முடிந்து இருபதாம் நாள் மறுபடி வேலைக்கு வந்தாள். வராமல் என்ன செய்வாள், தின்ன வேண்டுமே. பன்னிரண்டுக்குத் தறிகள் நின்றன. பழக்கதோஷத்தில் அவள் கால் செருப்பைத் தேடி நுழைந்துவிட்டது.

பின்வாசலிலிருந்து சாரதாமணி கூப்பிட்டாள். குரலில் கரிசனம்கூட இருந்தது.

"எங்க மருதா ஓடறே? இப்பத்தான் உன்ற ஊட்டுல காத்துக்கிட்டு ஆரும் இல்லியே, மெதுவாப் போலாம். வா, ரெண்டு மூடி தேங்கா கெடக்குது."

மருதாள் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மி முன்னால் போய் உட்கார்ந்தாள்.